தாபுவின் அண்ணன்

பன்வர்லால் சுதாருக்குத் தங்கை வேண்டும். பொழுது சாய்வதற்குள் வேண்டும்.

"நாளைக்குக் காலைல அவளைக் கூட்டிட்டுப் போக மாப்பிள்ளை வீட்டு ஜீப் வருது," என்றான். "வந்து நிக்கும்போது பொண்ணு இல்லைன்னா, அப்புறம் நான் பொக்ரான்ல தலைப்பாகை கட்டிட்டு நடமாட முடியாது."

ஜெய்சால்மர், அனுமான் சௌக்கின் பின்புறம், இரண்டு அறை அலுவலகம். எதிரே சுகன் கன்வர் உட்கார்ந்திருந்தாள். ஜோத்பூரில் போலீஸ் வேலையை விட்டுவிட்டு வந்து இங்கே துப்பறியும் பலகை மாட்டியவள். வரும் வழக்குகளில் பாதி காணாமல் போன ஒட்டகம், மீதி காணாமல் போன கணவன். ஒட்டகங்கள் சீக்கிரம் கிடைத்துவிடும்.

மேஜைமேல் ஒரு படம். கேசர், வயது இருபத்திரண்டு. சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முகம்.

"எங்க பக்கம் எல்லாருக்கும் ஆகற மாதிரி இவளுக்கும் சின்னதுலயே கல்யாணம் ஆயிடுச்சு. இப்பதான் அனுப்பி வைக்கிறோம். விடிஞ்சு பார்த்தா ஆளைக் காணோம். எங்க சித்தப்பா பையன் இங்க கோட்டை வாசல்ல பார்த்திருக்கான். கூட ஒரு ஆள்."

"யாரு?"

"தெரியாது."

சொல்லிவிட்டு டீக்குக் கை நீட்டினான். சட்டைக் கை மேலே ஏறியது. முன்கையில் திருவிழாவில் குத்திய பச்சை. மங்கிய எழுத்தில் 'தாபு'.

"மனைவியா?" என்றாள் சுகன்.

அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "ஆமா. உடம்பு முடியாம அம்மா வீட்டுக்குப் போயிருக்கா."

ஜன்னலருகே நின்ற காசம் கான் கீழே எட்டிப் பார்த்தான். சுகனின் உதவியாளன். ஊரே கேட்டுத் தலையாட்டும் பாட்டுக்காரக் குடும்பத்தில் பிறந்து, வாயைப் பேசுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறவன். பன்வர்லால் படியிறங்கிப் போனதும், முதலாளியம்மாவை வழக்கம்போல 'ஹுகும்' என்று கூப்பிட்டுச் சொன்னான்:

"ஹுகும், அவன் ஜீப்ல ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க. காலடியில இரும்புப் பூண் போட்ட தடி. தங்கச்சியைத் தேட வந்தவங்க மாதிரி இல்ல. பாம்பைத் தேட வந்தவங்க மாதிரி இருக்கு."

"அதான் அவனை பஸ் ஸ்டாண்டுல நிக்கச் சொன்னேன்." சுகன் சாவியை எடுத்தாள். "அவன் பார்க்கறதுக்கு முன்னாடி நாம பார்த்தாகணும். வா."

*

கோட்டை முதல் வாசலில், வாடகை உடை மாட்டிவிட்டுப் படம் எடுக்கும் நர்பத், கேசரின் படத்தைப் பார்த்ததும் சிரித்தான்.

"இவங்களா! மறக்க முடியுமா பாயீசா? கல்கத்தாக்காரங்க, சூரத்காரங்கதான் நம்ம பாவாடை தலைப்பாகையெல்லாம் காசு கொடுத்துப் போடுவாங்க. இது நம்ம பக்கத்துப் பொண்ணு. ஏற்கெனவே பாவாடைலதான் வந்து நிக்குது. அந்த ஆள் மாப்பிள்ளைத் தலைப்பாகை கேட்டான். வாளோட."

"வாளோடவா?" காசம் சுகனின் பின்னால் ஒதுங்கினான். "ஹுகும், நீங்க முன்னாடி போங்க."

"அட்டை வாள்டா," என்றான் நர்பத்.

நர்பத் கேமராவின் திரையைக் காட்டினான். ஆரஞ்சுத் தலைப்பாகையில் ஒரு மெலிந்த ஆள். வாடகை அங்கிக்குக் கீழே தூசி படிந்த ரப்பர் செருப்பு. பக்கத்தில் கேசர். வெயில் நேராக முகத்தில் அடிக்க, ஒரு கண்ணை மூடி நின்றாள்.

"நல்ல கேமராக்காரன்டா நீ," என்றான் காசம். "கல்யாணப் பொண்ணு ஒத்தைக் கண்ணோட நிக்குது."

"நான் என்ன பண்ணட்டும்? வெளிச்சம் சரியில்ல, அவருக்கு வலப்பக்கம் வந்து நில்லும்மான்னு சொல்றேன். தலையை ஆட்டுது, மறுபடியும் இடப்பக்கமே போய் நிக்குது. கண்ணு கூசுதேம்மான்னா, கூசட்டும்ங்குது."

சுகன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படத்தை வாங்கிட்டுப் போனாங்களா?"

"ஒண்ணு வாங்கினாங்க. அதை யார் வச்சுக்கிறதுன்னு சண்டை. நீங்களே வச்சுக்கோங்கன்னு இவ, நீ வச்சுக்கோன்னு அவன். இன்னொண்ணு போட்டுத் தரேன், ஏன் அடிச்சுக்கிறீங்கன்னேன். 'வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது அண்ணா'ன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. அப்புறம் பட்வா மாளிகைக்கு வழி கேட்டுட்டுப் போனாங்க."

காசம் சுகனின் காதருகே வந்தான். "மறைச்சு வைக்க வேண்டிய படம். தெளிவா இருக்கு ஹுகும். கள்ளக் காதல்."

"கள்ளக் காதல்னா எதுக்குடா கோட்டை வாசல்ல தலைப்பாகை கட்டி நிக்கணும்?"

"வெயில் ஏறிடுச்சோ என்னவோ."

*

பட்வா மாளிகையில் அவர்கள் உள்ளே போகவே இல்லை. சந்தில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். வாசல் காவலாளிக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

"அந்த ஆளு கீழ்ப் பலகணியில கையை வச்சு சாண் போட்டு அளக்கறான். தொடாதேன்னு கத்தினேன். 'தச்சன் கை அண்ணே, தானாப் போயிடுச்சு'ங்கறான்."

"வேற என்ன பேசினாங்க?"

"நம்ம வீட்டுக்கும் இது மாதிரி பலகணி வச்சிடலாமான்னு கேட்டான். அந்தப் பொண்ணு, கொசு வரும்னுச்சு. வலை அடிச்சுக்கலாம்ங்கறான். வலை அடிச்சா அப்புறம் செதுக்கினது யாருக்குத் தெரியும்னு அவ கேட்கறா. எனக்கு வேலை நேரத்துல இதெல்லாம் கேட்கணும்னு தலையெழுத்து."

வெளியே வந்ததும் காசம் தலையைச் சொறிந்தான். "கணக்கு இடிக்குது ஹுகும். காதலிக்கறவங்க நிலாவைப் பத்திப் பேசுவாங்க, ஒட்டகத்தைப் பத்திக்கூடப் பேசுவாங்க. கொசுவைப் பத்திப் பேசறது கல்யாணம் ஆனவங்க."

சுகன் நின்றாள். "இன்னைக்கு நீ சொன்னதுல இது ஒண்ணுதான் உருப்படி."

"நான் விளையாட்டுக்குச் சொன்னேன்."

"அதனாலதான்."

போன் அடித்தது. பன்வர்லால். "எவ்வளவு நேரம் நான் பஸ்ஸை எண்ணிட்டு நிக்கறது? நாங்களே கோட்டைப் பக்கம் வரோம்."

"வந்தீங்கன்னா உங்களைப் பார்த்து ஓடிடுவா. அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது. ஒருத்தனை ரயில் நிலையத்துக்கு அனுப்புங்க, நீங்க அங்கேயே இருங்க."

"அந்த ஆள் கையில கிடைச்சான்னா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "சரி."

சுகன் போனைப் பார்த்தாள். தங்கையைத் தேடித் தா என்று வந்தவனின் குரலில், அந்த ஆள் மேல்தான் கோபம் அதிகம். தெரியாத ஆள்மேல் அவ்வளவு கோபம் வராது.

*

கடீசர் ஏரியில் படகு விடுகிறவர் கையில் ஒலிபெருக்கியோடு நின்றிருந்தார். நேரம் முடிந்த படகுகளைப் பெயர் சொல்லிக் கரைக்குக் கூப்பிடுவது அவர் வேலை. படத்தை வாங்கிப் பார்த்தார்.

"ஆமா, மத்தியானம் வந்தாங்க. என் மானத்தை வாங்கின ஜோடி."

"என்ன ஆச்சு?"

"படகைத் திருப்பிக் கூப்பிடப் பேர் வேணும்ல? அந்த ஆள் மீனுக்குப் போட ரொட்டி வாங்கப் போயிருந்தான். சரி, உன் கூட வந்தவர் பேர் என்னம்மான்னு இவளைக் கேட்டேன். சிரிக்குது. முக்காட்டை இழுத்து வாயை மூடுது. பேரே இல்லாத ஆளான்னு கேட்டேன். அதுக்கும் சிரிப்பு."

"பேரை மறைச்சிருக்கா," என்றான் காசம்.

"உன் பேரையாவது சொல்லும்மான்னேன். என்னைக் கூப்பிடாதீங்க, அவரைக் கூப்பிடுங்கன்னு சொல்லுது. எப்படித்தான் கூப்பிடறதுன்னு கேட்டா, கடைசில, 'தாபுவோட அண்ணன்னு கூப்பிடுங்க'ன்னுச்சு. நானும் அப்படியே கூப்பிட்டேன். 'தாபுவோட அண்ணன்! தாபுவோட அண்ணன்! நேரமாச்சு, கரைக்கு வாங்க!' ஏரில இருந்த அத்தனை படகும் சிரிக்குது."

காசம் சிரித்தான். சுகன் சிரிக்கவில்லை.

படித்துறைக்கு இறங்கிப் போய்க் கடைசிப் படியில் நின்றாள். கெளுத்தி மீன்கள் வாயைத் திறந்து காத்திருந்தன. அவளும் ஒரு காலத்தில் பல வருடம் ஒருவருடைய பெயரை வாயால் சொல்லாமல் வாழ்ந்தவள். 'கேட்டுக்கிட்டீங்களா', 'உள்ளே இருக்கார்', 'சோட்டுவோட சித்தப்பா'. இப்போது விவாகரத்து வக்கீல் அலுவலகத்தில் அந்தப் பெயரை மளமளவென்று சொல்ல முடிகிறது.

"காசம், காதலன் பேரை எந்தப் பொண்ணும் சொல்லிடுவா. பொய்ப் பேராவது சொல்லுவா. பேர் சொல்லாம, சிரிச்சுட்டு, முக்காட்டை இழுத்து விடறது யாருக்கு?"

காசமின் சிரிப்பு நின்றது. "புருஷனுக்கு."

"கண்ணு கூசினாலும் இடப்பக்கம் நிக்கறது?"

"பொண்டாட்டி நிக்கற பக்கம்." அவன் மெதுவாகச் சொன்னான். "தாபு... நம்மகிட்ட வந்தவன் கையில குத்தியிருந்ததே. பன்வர்லாலோட மனைவி."

"பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுத்திருக்காங்க. ஒரே நாள்ல, ஒரே பந்தல்ல. தாபு இந்த வீட்டுக்கு, கேசர் அந்த வீட்டுக்கு. கூட இருக்கிறவன் தாபுவோட அண்ணன். கேசரோட புருஷன். பன்வர்லாலுக்கு அவனை நல்லாவே தெரியும். தெரியாதுன்னு ஏன் சொன்னான்னா, புருஷனோட ஊர் பார்க்கப் போன பொண்ணைப் பிடிச்சுத் தான்னு எவகிட்டப் போய்க் கேட்க முடியும்?"

"நல்லதாப் போச்சு ஹுகும். கேஸ் முடிஞ்சுது. புருஷன் பொண்டாட்டி, ஜாலியா சுத்தறாங்க. நாம போய் மிளகாய் வடை சாப்பிடலாம்."

"இன்னும் முடியல." சுகன் படியேறினாள். "புருஷன் இங்க இருக்கான். அப்போ நாளைக்கு ஜீப்ல வர்ற மாப்பிள்ளை யாரு?"

காசம் மறுபடி படகுக்காரரிடம் ஓடினான்; சூரியன் மறைவதைப் பார்க்க வியாசர் மண்டபங்களுக்கு வழி கேட்டுப் போனார்களாம்.

*

ஊருக்கு வெளியே மேட்டில் வியாசர் மண்டபங்கள். சூரியன் மறைவதைப் பார்க்கச் சுற்றுலாக் கூட்டம் அப்போதுதான் சேரத் தொடங்கியிருந்தது. கூட்டத்திலிருந்து விலகி, கடைசி மண்டபத்தின் படியில் இருவர். நடுவில் காகிதத்தில் வறுத்த வேர்க்கடலை. அவன் உடைத்து வைக்க, அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

சுகனைப் பார்த்ததும் அவன் எழுந்து கேசருக்கு முன்னால் நின்றான்.

"அடிக்கறதுன்னா என்னை அடிங்க."

"அடிக்க வந்தவன் பஸ் ஸ்டாண்டுல இருக்கான். நான் பேச வந்தேன்." சுகன் அவனைத் தாண்டிக் கேசரைப் பார்த்தாள். பதில் வராது என்று தெரிந்தே கேட்டாள். "இவர் பேர் என்ன?"

"ஜேட்டாராம்," என்றாள் கேசர்.

தயக்கமே இல்லை. முக்காடு அசையவில்லை.

காசம் தொண்டையைச் செருமினான். "போச்சு ஹுகும். ஏரிக்கரைல நாம கட்டின கோட்டை மணல் கோட்டை."

சுகனுக்குக் கன்னம் சூடாயிற்று. "மத்தியானம் படகுக்காரர் கேட்டப்போ சொல்லலையே?"

"அப்போ வாயில வரலை அக்கா." கேசர் கடலைத் தோலைக் காகிதத்தின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். "படகுலேர்ந்து இறங்கினதுலேர்ந்து சொல்லிப் பழகிட்டு இருக்கேன். நாளைக்கு ஜீப்ல ஏறறதுக்கு முன்னாடி பஞ்சாயத்துல எல்லார் முன்னாடியும் கேப்பாங்க, நீ விட்டுட்டு வர்றவன் பேர் என்னன்னு. நான் வாய் திறந்து சொல்லணும். சொன்னாத்தான் முடிஞ்சுதுன்னு அர்த்தம். சொல்லும்போது அழுதா, மனசு ஒப்பலைன்னு தள்ளிப் போட்டுடுவாங்க. அதான்."

"முதல்ல அழுதா," என்றான் ஜேட்டாராம். "ரெண்டாவது தடவை பாதியில நிறுத்திட்டா. இப்போ பால்காரனைக் கூப்பிடற மாதிரி கூப்பிடறா."

சிரிக்கத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

சுகன் படியில் உட்கார்ந்தாள். "நாளைக்கு வர்றவன் யாரு?"

"அண்ணன் பார்த்த ஆளு. பார்மர் பக்கம். பெரிய மரக்கடை."

"நீ ஏன் ஒத்துக்கிட்டே?"

கேசர் ஜேட்டாராமைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளே சொன்னாள்.

"அண்ணன் குடிச்சா அடிப்பான். தாபு அவ அம்மா வீட்டுக்கு ஓடிப் போய்ட்டா. நான்தான் பின் கதவைத் திறந்து விட்டேன். குழந்தையைத் தூக்க நேரம் இல்ல. லாடு எங்க வீட்டுலயே நின்னுடுச்சு. தாபு வந்தாத்தான் உன்னை அனுப்புவேன்னு அண்ணன் சொல்லிட்டான். ரெண்டு வருஷமா நான் அங்க, இவரு இங்க."

"போன தீபாவளிக்கு என் தங்கச்சி மூட்டை கட்டிட்டா," என்றான் ஜேட்டாராம். "நான் போறேன், நீங்க ரெண்டு பேராவது வாழுங்கன்னு. நான்தான் மூட்டையைப் பிரிச்சுப் போட்டேன். அவ முதுகை நீங்க பார்க்கலை அக்கா."

"நான் பார்த்திருக்கேன்," என்றாள் கேசர். "அவளை அங்க அனுப்பிட்டு இவர் வீட்டுல நான் எப்படிச் சோறு திங்கறது?"

"கோர்ட்?"

"கேஸ் போட்டிருக்கோம். வாய்தா வாய்தான்னு போகுது. அதுக்குள்ள அண்ணன் கோபமெல்லாம் லாடு மேல திரும்பிடுச்சு. போன மாசம் கை உடைஞ்சுது. கட்டில்லேர்ந்து விழுந்துச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னான், நம்பிட்டாங்க." அவள் குரல் ஒரே சீராக இருந்தது. "நான் பார்மர்காரனுக்குச் சம்மதிச்சா குழந்தையைத் தாபுகிட்டக் கொடுக்கிறேன்னு பஞ்சாயத்துல சொல்லியிருக்கான். நான் அந்த ஜீப்ல ஏறணும். அப்புறம்தான் லாடு இந்தப் பக்கம் வரும்."

"ஏறு," என்றான் காசம். "குழந்தை கை மாறினதும் குதிச்சுடு."

"நான் பார்மர் வீட்டுலேர்ந்து போயிட்டா குழந்தை திரும்பி வந்துடணும். அதையும் பேசி வச்சிருக்கான். எங்க அண்ணன் முரடன். முட்டாள் இல்ல."

கூட்டத்திலிருந்து யாரோ கேமராவுக்காகக் கத்தினார்கள். ஜேட்டாராம் கையில் ஒரு கடலையை வைத்துக்கொண்டு உடைக்காமல் இருந்தான்.

"அப்போ இன்னைக்கு?" என்றாள் சுகன்.

"தச்சு வேலை சரியாக் கிடைக்காம இவரு இப்போ சோலார் தகடு கழுவறாரு. லீவு போட்டுட்டு வந்தாரு. எல்லாரும் கல்யாணம் ஆனதும் எங்கேயாவது போவாங்கல்ல? நாங்க போனதே இல்ல." கேசர் முதல்முறையாகச் சிரித்தாள். "சாயங்கால பஸ்ல நானே திரும்பிப் போயிருப்பேன் அக்கா. ஓடிப் போக வரலை. ஊர் பார்க்கத்தான் வந்தோம்."

சுகன் எழுந்தாள். அவள் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டாள். "என் ஜீப் கீழே நிக்குது. ஜோத்பூர்ல எனக்கு வக்கீல் இருக்கா, தங்க இடம் இருக்கு. தேடினேன், கிடைக்கலைன்னு அவன்கிட்ட நான் சொல்லிக்கறேன். போயிடறீங்களா?"

ஜேட்டாராம் கேசரைப் பார்த்தான். கண் மட்டும் கேட்டது. அவள் அந்தக் கண்ணைப் பார்த்தாள்.

"லாடுக்கு இன்னும் கட்டுப் பிரிக்கலை," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். கையிலிருந்த கடலையை உடைத்து அவளிடம் கொடுத்தான்.

போன் அடித்தது.

"கிடைச்சாளா?" பன்வர்லால்.

"கிடைச்சுட்டா," என்றாள் சுகன். "கோயில்ல உக்காந்திருந்தா. தனியா."

"தனியாவா? கூட ஒருத்தன்..."

"கோட்டை வாசல்ல நிக்கற வழிகாட்டி. வழி கேட்டிருக்கா, கூட நடந்திருக்கான். உங்க சித்தப்பா பையனுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்க. ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடி சாமி கும்பிட வந்திருக்கா, அவ்வளவுதான். நானே கொண்டு வந்து விடறேன். ஒரு பொம்பளை கூட்டிட்டு வந்து விட்டாத்தான் உங்களுக்கும் மரியாதை. நீங்க இப்பவே ஊருக்குக் கிளம்புங்க."

"சத்தியமா தனியாத்தானே?"

"சுகன் கன்வர் சொல்றேன். இந்த ஊர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க, நான் பொய் சொல்லுவேனான்னு."

வைத்துவிட்டாள். காசம் அவளையே பார்த்தான். பிறகு ஜீப்பை எடுத்துவரக் கீழே இறங்கினான்.

"இப்பவே கிளம்பணும்," என்றாள் சுகன். "அவன் வீட்டுக்குப் போன கொஞ்ச நேரத்துல நாமும் போயிடணும். இல்லைன்னா சந்தேகம் வரும்."

கேசர் மேற்கே பார்த்தாள். சூரியன் இன்னும் மணலைத் தொடவில்லை. கூட்டம் கேமராவைத் தூக்கி வைத்துக் காத்திருந்தது.

"அதையும் பார்த்துட்டுப் போலாம்னு நினைச்சோம்," என்றாள். "பரவாயில்லை."

தான் ஜீப் வரை வரக்கூடாது என்று ஜேட்டாராமே சொன்னான்; யாராவது பார்க்கலாம். தன் சால்வையைக் கழற்றி நீட்டினான். "பின் சீட்டுல காத்து அடிக்கும்." பிறகு, இது ஆண்பிள்ளைச் சால்வை, அந்த வீட்டில் கேள்வி வரும் என்று அவனுக்கே நினைவு வந்தது. மடித்துத் திரும்பத் தன் தோளில் போட்டுக்கொண்டான். "முக்காட்டையாவது நல்லா இழுத்துப் போர்த்திக்கோ," என்றான்.

"சரி," என்றாள் அவள்.

அவ்வளவுதான். அவன் மண்டபத்தின் தூணைப் பார்த்துத் திரும்பி நின்றான், அவள் நடந்து போவதற்காக.

*

பொக்ரான் சாலை நேராகக் கிடந்தது. சுகன் ஓட்டினாள். காசம் பக்கத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் பின் சீட்டில் கேசரின் முக்காடு மட்டும் தெரிந்தது. வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி, சாலையோர முட்புதர்களில் நின்றது.

சுகன் தன்னையறியாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். பின்னால் வந்த லாரி ஒலியெழுப்பி முந்திப் போனது. பிறகு ஒரு டிராக்டர்கூட முந்தியது. இந்த ஜீப் பொக்ரானைத் தொடாதவரை கேசர் யாருடைய வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை. அந்தக் கொஞ்ச தூரத்தை அவளுக்கு நீட்டிக் கொடுக்கலாம் என்று தோன்றியது. அதைவிட வேறெதையும் அவளால் கொடுக்க முடியவில்லை.

"அக்கா."

"சொல்லு கேசர்."

"வேகமாப் போங்க." பின் சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "மெதுவாப் போனா நான் இறங்கிடுவேன்."

சுகன் ஆக்சிலரேட்டரை மிதித்தாள்.